ஏழு மொழி ரொட்டியும் இரண்டு கூறுகளும்

ஞாயிறு பூசை முடிந்து வந்து, கடையில் ஒரே ஒரு பலகையை மட்டும் கழற்றி வைத்திருந்தோம். தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கிற கடை அது. தாரும் வெங்காயமும் கருவாடும் நனைந்த சணல் கயிறும் கலந்த வாசனை எப்போதும் உள்ளே இருக்கும். அன்று அதோடு புரொபசர் ஆசீர்வாதம் பூசியிருந்த யூடிகோலோனும் சேர்ந்துகொண்டது.

அவர் என் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா அந்த நாற்காலியை யாருக்கும் கொடுக்கமாட்டார். கப்பல் கேப்டன்மார்கூட உப்பு மூட்டை மேல்தான் உட்காருவார்கள். வந்தவர் சீமைக்குப் போய்ப் படித்தவர் என்பதால் அன்று கொடுத்துவிட்டு, தான் நின்றுகொண்டிருந்தார்.

மேசை மேல், படித்துப் பார்க்கச் சொல்லி நான் அவரிடம் கொடுத்திருந்த என் கட்டுரை. கடல் காற்றில் பறக்காமலிருக்க அதன் மேல் ஓர் எடைக்கல்.

"இங்கன பாரு செசிலி," என்றார் புரொபசர். நாசரேத்துக்காரர். சீமைக்குப் போய் வந்தும் பேச்சில் ஊர் போகவில்லை. அது ஒன்றுதான் அவரிடம் எனக்குப் பிடித்த விஷயம். "வாசகசாலைக் கூட்டத்துல இதை என் பேருல வாசிச்சா நாலு பேர் மதிப்பான். உன் பேருல வாசிச்சா, யார் இந்தப் பொண்ணுன்னு கேப்பான். உனக்கு நன்றி போட்டிருக்கேன்லா, பாக்கலியா?"

பார்த்திருந்தேன். அவர் சேர்த்திருந்த அடிக்குறிப்பில், எறும்பு எழுத்தில், 'தூத்துக்குடியில் சிலர் உதவினர்' என்று இருந்தது.

சிலர்!

எனக்கு வந்த கோபத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்தக் கட்டுரை எதைப் பற்றியது என்று சொல்லவேண்டும். 'சில', 'பல', 'கொஞ்சம்', 'பாதி', 'எல்லாம்' என்கிற அளவுச் சொற்கள் ஐரோப்பிய மொழிகளில் எப்படி வாக்கியத்தில் உட்காருகின்றன, ஒரு பொருளில் ஒரு பங்கை மட்டும் சொல்ல ஒவ்வொரு மொழியும் என்ன வழி வைத்திருக்கிறது என்பதுதான் அதன் விஷயம். யுத்த காலம் முழுவதும் 'சில' என்ற சொல்லோடு மல்லுக்கட்டியவள் நான். கடைசியில் என்னையே 'சிலர்' ஆக்கிவிட்டார் மனுஷர்.

"ஒத்துக்க மாட்டேன் சார்," என்றேன்.

"அப்போ மதராஸ்?" என்றார்.

அதுதான் கொக்கி. மதராஸில் மேலே ஆராய்ச்சி செய்ய இடம் கேட்டிருந்தேன். எனக்கு பி.ஏ. பாடம் எடுத்த இவர் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் கிடைக்கும். போடாவிட்டால் கன்னிமடத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டே கிடக்கவேண்டியதுதான்.

அப்பா பின்னால் நின்று தொண்டையைச் செருமியதும் புரொபசர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சரி. பங்கு வச்சிக்குவோம். கட்டுரையை ரெண்டாப் பிரிப்போம். ஒண்ணு என் பேருல, ஒண்ணு உன் பேருல. கூட்டத்துல ரெண்டையும் வாசிப்போம். கையெழுத்தும் போடுதேன். என்ன சொல்லுத?"

"சரி சார். நீங்களே கூறு போடுங்க," என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். புரொபசர் எடைக்கல்லை நகர்த்திவிட்டுத் தாள்களைப் பிரிக்க ஆரம்பித்தார்.

ரொட்டி கேட்ட நாடுகள்

அவர் பிரிக்கட்டும். அதற்குள் அந்தக் கட்டுரை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் துறைமுகத்தில் அப்போது பெரிய கப்பல் கரைக்கு வராது. ஆழமில்லை. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள்தான் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். அதே தோணியில் கப்பல் சமையல்காரர்கள் கரைக்கு வந்து எங்கள் கடையில் காய்கறி, முட்டை, மீன், ரொட்டி கேட்பார்கள்.

யுத்தம் வந்தது. ஊரில் அரிசிக்கு ரேஷன், விளக்குக்குக் கறுப்புத் துணி. கப்பல்களில் மட்டும் உலகமே வந்தது. ஒல்லாந்துக்காரன், போலந்துக்காரன், பிரெஞ்சுக்காரன் என்று சண்டையில் நாட்டை இழந்தவர்கள் எல்லாம் எங்கள் கடைப் பலகையில் வந்து சாய்ந்தார்கள். அப்பாவுக்கு இங்கிலீஷும் கைஜாடையும் தெரியும். மிச்சத்துக்கு என்னைக் கூப்பிடுவார்.

எனக்குப் பிரெஞ்சு கன்னிமடத்தில் வந்தது. அங்கே பிரெஞ்சு மதர் ஒருவரும் இத்தாலி சிஸ்டர் ஒருவரும் இருந்தார்கள். இருவருக்கும் ஆகாது. ஒருவரைப் பற்றி மற்றவரிடம் குறை கேட்டே நான் இரண்டு மொழியும் கற்றுக்கொண்டேன். பக்கத்து வீட்டில் கோவாக்காரம்மா ஒருத்தி வேலைக்காரியைப் போர்த்துக்கீசியத்தில் திட்டுவாள். அதுவும் இலவசமாகக் கிடைத்தது.

முதலில் என் கண்ணில் பட்டது ரொட்டி. பிரெஞ்சுக்காரன் வெறுமனே 'ரொட்டி வேண்டும்' என்று கேட்கவே மாட்டான். 'து பேன்' என்பான். 'அந்த ரொட்டியில்' என்பது போல ஓர் ஒட்டு முன்னால் வந்தே ஆகவேண்டும். எந்த ரொட்டியில் என்று நீங்கள் கேட்கக்கூடாது. எந்த ரொட்டியும் இல்லை, சும்மா ரொட்டிதான். ஒரு காலத்தில் நிஜமாகவே 'அந்த ரொட்டியிலிருந்து' என்று பொருள் இருந்திருக்கிறது. பேசிப் பேசித் தேய்ந்து, முழு ரொட்டி மறந்துபோய் ஒட்டு மட்டும் மிஞ்சிவிட்டது.

ரொட்டி இல்லை என்று சொல்லவேண்டுமானால் அந்த ஒட்டிலும் பாதியை வெட்டிவிட்டு 'பா த பேன்' என்பான். இல்லாத ரொட்டிக்கு எதற்கு முழு ஒட்டு என்று நினைத்தானோ என்னவோ, கெட்டிக்காரன்.

இத்தாலிக்காரி 'தெல் பானெ' என்றும் சொல்வாள், வெறும் 'பானெ' என்றும் சொல்வாள். அவள் இஷ்டம். கோவாக்காரம்மாவோ ஒட்டே போடமாட்டாள். இந்த மூன்று மொழியும் ஒரே லத்தீன் தாய் பெற்ற அக்கா தங்கைகள். ஒருத்தி தாலி இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டாள், ஒருத்தி நல்ல நாளில் மட்டும் போடுவாள், ஒருத்தி கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

இங்கிலீஷில் ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டால் நடுவே 'ஆஃப்' வரவேண்டும். பள்ளியில் அதை விட்டதற்குப் பிரம்படி வாங்கியிருக்கிறேன். ஒல்லாந்துக் கேப்டன் ஒருவர் கடைக்கு வந்து, 'அன் க்லாஸ் வாட்டர்' என்றார். நடுவில் ஒன்றுமில்லை. 'ஒரு கிளாஸ் தண்ணி', அப்படியே நம் பேச்சு. நான் அவருக்குத் தண்ணீரோடு இளநீரும் கொடுத்தேன். என்னை அடித்த டீச்சர் அந்த நேரம் பக்கத்தில் இல்லையே என்று இன்றும் வருத்தம்தான்.

இங்கிலீஷ்காரன் எப்படிச் சொல்கிறானோ அதுதான் உலகம் சொல்கிற முறை என்று நினைத்துக்கொண்டிருந்த ஊரில், ஐரோப்பாவிலேயே அவன் பல பேரில் ஒருவன்தான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. அந்தச் சந்தோஷத்தில்தான் கட்டுரை எழுத உட்கார்ந்தேன்.

காய்ச்சலில் கிடந்த தச்சர்

போலந்துச் சமையல்காரன் ஒருவன் சொல்லின் வாலை மட்டும் மாற்றுவான். 'ஹ்லேபா' என்றால் கொஞ்சம் ரொட்டி போதும். 'ஹ்லெப்' என்றால் அந்த ரொட்டியே வேண்டும். வாலில் ஓர் எழுத்துத்தான். அவன் கண்ணை மூடிக்கொண்டு பேசினாலும் எவ்வளவு கேட்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே ஃபின்லாந்துக்காரர். சண்டை முடிந்த பிறகு ஒரு நார்வேக் கப்பலில் தச்சராக வந்தவர். மலேரியா கண்டதால், கப்பல் அவரை எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போய்விட்டது. அடுத்த கப்பல் வரும்வரை அவருக்கு ரொட்டியும் கஞ்சியும் எங்கள் வீட்டிலிருந்து போயிற்று. எங்கள் ஊர் ரொட்டி கள்ளில் புளிக்கவைத்தது. முகர்ந்து பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார்.

அவர் மொழியில் ரொட்டி தின்கிறேன் என்னும்போது ரொட்டிக்கு 'லெய்ப்பா' என்று வரும். தின்றுகொண்டிருக்கிறேன், எவ்வளவு என்று கணக்கில்லை. அதே ரொட்டி 'லெய்வான்' என்று வந்தால் முழு ரொட்டியையும் தின்று முடிப்பேன் என்று அர்த்தம். காய்ச்சல் இருந்த நாளெல்லாம் 'லெய்ப்பா' என்று சொல்லித் துண்டை வைத்துக்கொண்டு கிடப்பார். ஒருநாள் நான் உள்ளே நுழைந்ததும் எழுந்து உட்கார்ந்து, 'லெய்வான்!' என்று சத்தம் போட்டார். முழு ரொட்டியையும் என் கண் முன்னால் தின்று முடித்தார். ஆஸ்பத்திரி நர்ஸ் பயந்துபோய் ஓடி வந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் எனக்குப் பொறி தட்டிற்று. நாமும் 'ரொட்டி தின்னேன்' என்கிறோம், 'ரொட்டியைத் தின்னேன்' என்கிறோம். இரண்டும் ஒன்றா? அடுப்பங்கரையில் நிற்கிற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும், முதலாவது கொஞ்சமாகவும் இருக்கலாம், இரண்டாவது முழுசு என்று சொல்லும். வட துருவத்துப் பக்கம் ஒரு மொழியும் தூத்துக்குடிப் பக்கம் ஒரு மொழியும் ஒரே விஷயத்துக்காக மெனக்கெடுகின்றன. அந்த ராத்திரியே எழுத ஆரம்பித்த பகுதிதான் கட்டுரையின் உயிர்.

மூன்றில் ஒன்று

இன்னும் ஒன்று சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்புகிறேன்.

நான் கைக்குழந்தைப் பருவம் தாண்டிய காலத்தில் ஊரில் முத்துக் குளிப்பு நடந்தது. பிறகு வருஷக்கணக்காகச் சிப்பியே இல்லை, சங்குக் குளிப்பு மட்டும்தான். முத்துக் குளிப்பில் எனக்கு நினைவிருப்பது நாற்றம் ஒன்றுதான். கோணி விரித்துக் குவித்த சிப்பி வெயிலில் அழுகும். சோற்றில் ஈ, பாலில் ஈ, மாதா சுரூபத்தின் முகத்தில்கூட ஈ. முத்து என்றதும் நீங்கள் மாலையை நினைப்பீர்கள், நான் மூக்கைப் பிடிப்பேன்.

என் அப்பா சவரிமுத்து அப்போது சம்மாட்டி, அதாவது படகுக்குச் சொந்தக்காரர். அடித்தொண்டையில் பேசுவார், மீசையை முறுக்குவார், சர்க்கார் பியூனையும் 'ஏலே' என்றுதான் கூப்பிடுவார். அவர் படகில் வந்த சிப்பியை, வேலி கட்டிய கொட்டிலில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். குளிக்கிறவர்களே அதை மூன்று கூறாகப் போடவேண்டும். வெள்ளைக்காரத் துரை வந்து பிரம்பால் இரண்டைக் காட்டுவார். அவை சர்க்காருக்கு. மிஞ்சிய ஒன்று குளித்தவர்களுக்கு.

மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போனவனுக்கு ஒன்று, குடை பிடித்து நின்றவனுக்கு இரண்டு. அந்த அநியாயத்தை அப்பா கடைசிவரை மறக்கவில்லை. ஆனால் அதற்குள்ளும் ஒரு நியாயம் இருந்தது. கூறு போட்டவன் எடுக்கக்கூடாது, எதிராளிதான் முதலில் எடுப்பான். அதனால் கூறு போடுகிறவன் ஒன்றைப் பெரிதாக்கினால் அவன் வாயில் அவனே மண்ணைப் போட்டுக்கொள்வான். எல்லாக் கூறும் சமமாக விழும்.

இன்றைக்கும் எங்கள் கடற்கரையில் மீன் பங்கு அப்படித்தான் பிரியும். கூறு போட்டவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். முந்தினால் வலை வீசுகிறவர்கள் அவனைச் சும்மா விடமாட்டார்கள்.

"கையை எடுங்க சார்"

இப்போது கடைக்கு வாருங்கள்.

புரொபசர் பிரித்து முடித்திருந்தார். இடது பக்கம் கனமான குவியல். முன்னுரை, மொழிகளை ஒப்பிட்ட பகுதி, ஃபின்லாந்துக்காரரின் ரொட்டியும் நம் ரொட்டியும், முடிவுரை எல்லாம் அதில். வலது பக்கம் இளைத்த குவியல். அதில் வெறும் உதாரணங்கள்: ரொட்டி, தண்ணீர், உப்பு, முட்டை என்று மொழிவாரியாக வரிசை. அதாவது சதை அங்கே, ஓடு இங்கே.

திருப்தியாகத் தலையாட்டிவிட்டு இடது குவியலின் மேல் கையை வைத்தார்.

"கையை எடுங்க சார்," என்றார் அப்பா.

"என்னது?"

"கூறு போட்டவுக எடுக்கக் கூடாது. நீங்க போட்டீக, எம்மவ எடுப்பா. அதான் எங்க கடல் முறை."

புரொபசர் சிரித்தார். பிறகு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "இது என்ன, மீன் மார்க்கெட்டா?"

"ஆமா சார்," என்றார் அப்பா, பெருமையோடு. "பின்ன என்னன்னு நெனச்சீக? கருவாட்டு வாடை அடிக்கலியா?"

நான் இடது குவியலை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன்.

முறையை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே, இது ஏமாற்று இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். நான் எழுதிய முழுக் கட்டுரையில் எனக்கே பங்கு தருவதாகச் சொன்னவர் அவர். சமமாகப் பிரித்திருந்தால் எந்தக் கூறு யாருக்குப் போனால் என்ன? துறைமுகத்துக்காரியோடு பங்கு பிரிக்க வருகிறவர் துறைமுகத்து முறையைக் கேட்டுக்கொண்டு வரவேண்டும். எனக்கு இதில் இம்மியும் வருத்தம் கிடையாது.

அவர் எழுந்து, மிஞ்சிய இளைத்த குவியலை மடித்துச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "கூட்டத்துல நான் மட்டுந்தான் வாசிப்பேன். நீ எந்திரிச்சேன்னு வையி, கையெழுத்தை மறந்துரு. நல்லா யோசிச்சுக்கோ."

கடைக்குப் பின்னால்தான் வீடு. அங்கே குசினியில் அடுப்போடு நின்ற அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏளா, எதுக்கு உனக்கு இந்த வம்பு? அந்தாளு பேருல போனா என்ன, மாதா பேருல போனா என்ன? மதராஸுக்குப் போற வழியைப் பாரு," என்றாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். நான் மதராஸுக்குப் போகவேண்டும் என்று மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியவள் அவள்தான்.

அந்த வாரம் முழுக்க நான் யோசித்தேன். யோசித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் பயந்தேன். மதராஸ் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பெரிய நூல்நிலையம், படித்தவர்கள், 'சில' என்ற சொல்லைப் பற்றிப் பேசினால் சிரிக்காத மனிதர்கள் எல்லாம் அங்கே இருப்பதாக நம்பினேன். வாயைத் திறக்காமல் உட்கார்ந்தால் போதும், ரயில் ஏறிவிடலாம்.

மிச்சக் கூறு

கூட்டம் கடற்கரைச் சாலை வாசகசாலை மண்டபத்தில். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம். ஆனாலும் சுவரில் ராஜா படம் இறங்கவில்லை, சாய்த்து மாட்டியிருந்தார்கள். தலைவர் ஊர்ப் பெரிய வக்கீல். வாத்தியார்கள், உப்பு வியாபாரிகள், காயல்பட்டினத்திலிருந்து இரண்டு கப்பல் வியாபாரிகள். கடைசி வரிசையில் அப்பா, தன்னோடு தோணிக்காரர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு. எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மா, காத்து வாங்க," என்றார்.

புரொபசர் இங்கிலீஷில் வாசித்தார். உதாரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிரெஞ்சு ரொட்டி, இத்தாலி ரொட்டி, போலந்து ரொட்டி. இடையிடையே சொந்தமாகச் சில வரிகள் சேர்த்திருந்தார். அவை ரொட்டியில் மணல் கிடப்பது போலிருந்தன. தோணிக்காரர்களுக்குப் பசி வந்திருக்கவேண்டும், நெளிந்தார்கள்.

முடித்ததும் வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லது. இதுலேருந்து என்ன தெரியுது?" என்றார்.

"அது மேற்கொண்டு ஆராய வேண்டிய விஷயம்," என்றார் புரொபசர்.

"வேற யாருக்காவது கேள்வி உண்டா?"

புரொபசர் என்னைப் பார்த்தார். கோபப் பார்வை இல்லை, அன்பாகத்தான் பார்த்தார். உட்கார்ந்திரும்மா, உன் நல்லதுக்குத்தான் என்கிற பார்வை. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் முறைத்திருந்தால் நான் உட்கார்ந்திருப்பேனோ என்னவோ.

எழுந்தேன். "கேள்வி இல்லை ஐயா. மிச்சக் கூறு என் கையில இருக்கு," என்றேன்.

"எதுல மிச்சம்?"

"இப்ப வாசிச்சாங்கள்லா, அதே கட்டுரையில. முழுசையும் எழுதினது நான்."

வக்கீல் புரொபசரைப் பார்த்தார். புரொபசர் தன் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார், அடுக்கிக்கொண்டே இருந்தார். மறுக்கவில்லை. வக்கீல் என்னைப் பார்த்து, "வா, வந்து வாசி," என்றார்.

என் தாள்கள் இங்கிலீஷில் இருந்தன. நான் தமிழில் சொன்னேன். கடைசி வரிசைக்குப் புரியவேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன்.

"'கொஞ்சம் மீன் தா'ங்கறோம். 'இந்த மீன்ல கொஞ்சம் தா'ங்கறோம். ரெண்டும் வேற வேற. முதலாவதுல மீன் யாருடையதும் இல்லை, எங்கே பிடிச்சதும் இல்லை. ரெண்டாவதுல குவியல் கண்ணு முன்னால கிடக்கு. யாரோ கஷ்டப்பட்டுப் பிடிச்சது அது. முழுசு இன்னதுன்னு தெரிஞ்ச பிறகுதான் 'அதுல கொஞ்சம்'னு கேக்க முடியும். ஐரோப்பாவுல ஒவ்வொரு மொழியும் இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு இடத்துல வச்சிருக்கு. ஒருத்தன் சொல்லுக்கு முன்னால வச்சான், ஒருத்தன் வால்ல வச்சான். பிரெஞ்சுக்காரன் 'அதுல'ங்கறதை வச்சுக்கிட்டே, முழுசு எதுங்கறதை மறந்துட்டான்."

"அதை நாம மறக்கக்கூடாதுலா," என்று கடைசி வரிசையிலிருந்து அப்பா உரக்கச் சொன்னார். தோணிக்காரர்கள் சிரித்தார்கள். காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

ஃபின்லாந்துக்காரர் முழு ரொட்டியைத் தின்ற கதையையும் சொன்னேன். நம் 'ரொட்டியை'யும் சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. முடிந்தபோது வக்கீல் பேனாவை எடுத்து, "எழுதினவர் பெயர் என்னன்னு குறிச்சுக்கணும்," என்றார்.

"செசிலி. கப்பல் சாமான் கடை சவரிமுத்து மகள்," என்றேன். "சிலர் இல்லை ஐயா. ஒருத்தி."

முழுசையும்

படியில் இறங்கும்போது புரொபசர் என் பக்கத்தில் வந்தார். "ஒரு கட்டுக் காகிதத்துக்காக மதராஸைத் தொலைச்சிட்டியேம்மா," என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். அவர் கையெழுத்துப் போடவில்லை. நானும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. மதராஸுக்கு நான் ஆராய்ச்சி செய்யப் போகவே இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்கு வந்தோம். வீட்டு வாசலில் அப்பா, "மதராஸ் போச்சா?" என்றார்.

"போச்சு."

"கூறு?"

"நம்மகிட்டதான் இருக்கு."

மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

குசினியில் மேசை மேல் ஒரு புது ரொட்டி, துணியில் சுற்றி வைத்திருந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பை ஊதிக்கொண்டே, "ரயில்ல திங்கதுக்குன்னு சொல்லி வச்சு வாங்கினேன். கை ராசியான ஆளுகிட்ட வாங்குனா காரியம் நடக்கும்னாக," என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தாள். "சரி, இதுல கொஞ்சம் அறுத்து வைக்கட்டா?"

"வெட்டாத," என்றேன். "முழு ரொட்டியையும் இங்கன வை."

வைத்தாள். எதிரில் உட்கார்ந்து, நான் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரொட்டியில் கள் வாசனை இருந்தது, சூடு இன்னும் ஆறவில்லை. அழுதுகொண்டேதான் தின்றேன். ஆனால் ஒரு துண்டு மிச்சம் வைக்கவில்லை.